ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு

நான்காம் வாசலில்
சுழல்கதவுக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை.
இரும்புக் கை ஒருமுறை சுற்றினால் ஓர் ஆள்.
தடித்தவனும் ஓர் ஆள், மெலிந்தவனும் ஓர் ஆள்.
மதியத்திலிருந்தே குடித்துவிட்டு
பாதி மனிதனாய் உள்ளே போகிறவனும்
முழுசாய் ஓர் ஆள்தான்.

இன்று ஜூலைச் சனிக்கிழமை.
தென்கடலிலிருந்து வரும் காற்று
சீட்டுக் காட்டாமல் உள்ளே போகிறது.
கம்பளித் துண்டில் மூக்கைப் புதைத்துக்கொண்டு
சிவப்பும் கறுப்புமாய்க் கொஞ்சம் பேர்,
மஞ்சளாய் இன்னும் கொஞ்சம் பேர்.
மேல்தட்டு இருக்கைகளில் மழை உட்கார்ந்திருக்கிறது.

லீத் அபர்நத்தி வருகிறான்.
கையில் இரண்டு பருவ அட்டைகள்.
ஒன்றைத் தேய்க்கிறான், இரும்பைத் தள்ளி உள்ளே போகிறான்.
திரும்பிக் கையை நீட்டி
இன்னொன்றைத் தேய்க்கிறான்,
இரும்பை இழுத்து
வெறும் ஈரக்காற்றை உள்ளே விடுகிறான்.
அது அவன் அண்ணன் மெர்வின்.
அந்த நேரத்தில் நான் குனிந்து
ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பேன்.
மூன்று வருடமாக
சரியாக அவன் வரும்போதுதான் அவிழ்கிறது.

மூன்றாம் கால் பகுதியில்
ஸ்கோர் போர்டில் எண் வருகிறது: 9,417.
கூட்டம் தனக்குத்தானே கைதட்டிக்கொள்கிறது.
மேலாளர் மட்டும் தட்டவில்லை.
அவருக்குப் பத்தாயிரம் வேண்டியிருந்தது.
"டிவியில் ஈடுகட்டிவிடலாம்" என்கிறார்
யாரிடமும் இல்லாமல்.

டிவி என்றால் எனக்கு டெஸ்மண்ட்.
என் அக்காவின் கணவர்.
அவர் வீட்டில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.
சோபாவில் உட்கார்ந்ததும் தன் பொத்தானை அழுத்த வேண்டும்;
அவர் ஒருவர் அழுத்தினால்
ஆறாயிரம் பேர் பார்ப்பதாகக் கணக்கு என்று
அவரே சொல்லிக்கொள்வார், மார்பைத் தட்டி.
இரண்டாம் கால் பகுதிக்குள் அவர் தூங்கிவிடுவார்.
பெட்டிக்குக் குறட்டை கேட்காது.
வாயைத் திறந்தபடி இந்த நகரத்தில்
ஆறாயிரம் பேர் ஒரே சுருதியில் உறங்க,
திங்கட்கிழமை அறிக்கையில்
அத்தனை பேரும் கண்கொட்டாமல் பார்த்திருப்பார்கள்.

மெர்வினுக்குப் பெட்டி கிடையாது.
அவனுக்குச் சனிக்கிழமை என்பது
டயாலிசிஸ் நாற்காலி, இடது கையில் இரண்டு ஊசிகள்,
கூரையிலிருந்து தொங்கும் ஒரு டிவி.
ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் வரை
வலது முஷ்டியால் நாற்காலியைக் குத்திக்கொண்டே
"பந்தை விடுடா, உதைடா" என்று கத்துவானாம்.
செவிலி லோசா ஓடி வந்து அதட்டுவாளாம்.
அந்தக் கத்தலை எண்ண ஆளில்லை.
கையில் கட்டிய அழுத்தமானி மட்டும்
168 என்று காட்டியதாம் போன வாரம்.
என்னைக் கேட்டால்
அந்த ஆட்டத்தின் உண்மையான ரேட்டிங் அதுதான்.

கடைசி ஐந்து நிமிடம்.
தோற்பது தெரிந்ததும் ஜனம் கலைகிறது.
வெளியே போகும் கதவுக்கு எண் இல்லை.
வந்தவர் எல்லாரும் வந்தவராகவே இருப்பார்கள்,
காரில் ஹீட்டரைப் போட்ட பிறகும்.

ஐந்து புள்ளி பின்தங்கி இருக்கிறோம்.
பதினெட்டு வயதுப் பையன் ஒருவன்
நாற்பது மீட்டரிலிருந்து உதைக்கிறான்.
முட்டைப் பந்து புரண்டு புரண்டு போய்
உயரமான கம்பத்தில் பட்டு விழுகிறது.
இந்த ஆட்டத்தில் தவறவிட்டதற்கும் ஒரு புள்ளி உண்டு.
வெள்ளைத் தொப்பி நடுவர்
ஒற்றைக் கொடியை மழையில் வீசுகிறார்.
நான்கு புள்ளியில் தோற்றோம்.

லீத் வெளியே வருகிறான்.
விறைத்த விரலால் போனை ஸ்பீக்கரில் போடுகிறான்.
தோல்வியைப் பற்றி அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை;
அதைத்தான் பார்த்தாயிற்றே.
"கூட்டம் எவ்வளவு?"

"ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம்
இரண்டு முறை கூவி ஓய்கிறது.

"என்னையும் சேர்த்தா?"

நான் குனிந்தேன்.
லேஸ் நன்றாகத்தான் கட்டியிருந்தது.